ஹைபிரிட் வண்டியின் பின்சீட்டுச் சத்தம்

1

இந்த மாதத்தோடு நான் கனடாவுக்கு வந்து ஒன்பது வருஷம் முடிகிறது. ஒன்பதுக்கெல்லாம் யாரும் விழா எடுப்பதில்லை. எனக்கும் மறந்துதான் போயிருக்கும். ஆனால் சரியாக அந்தச் சனிக்கிழமை காலையில், டொராண்டோவுக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், காரின் பின்சீட்டைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, கையில் ஒரு பொருளோடு நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷமாக என் உயிரை வாங்கிய சத்தம் அந்தப் பொருளிலிருந்துதான் வந்தது. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஊரில் இருப்பவர்கள் இந்த ஹைபிரிட் வண்டியை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். இதில் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பேட்டரியும் உண்டு. மெதுவாகப் போனால் பேட்டரியில் ஓடும். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். அப்போது வண்டிக்குள் அப்படி ஓர் அமைதி. பக்கத்தில் இருப்பவர் எச்சில் விழுங்கினால்கூடக் கேட்கும்.

அதுதான் வினையாகப் போயிற்று. சாதாரண வண்டியில் நாலு சத்தத்தை இன்ஜின் சத்தம் மூடிவிடும். இதில் மூடுவதற்கு ஒன்றுமில்லை. பிரேக்கை மிதித்தால் பின்னாலிருந்து 'கிர்ர்ர்... டொக்' என்று ஒன்று. மறுபடி கிளம்பினால் அதே கிர்ர்ர், அதே டொக், திசை மட்டும் மாறும். வேகம் குறையவில்லை, எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, பெட்ரோல் அதிகமாகக் குடிக்கவில்லை. ஒரு கெடுதலும் இல்லாத சத்தம். ஆனாலும் விடவில்லை என்னை.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் எட்டு வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். இங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையிலும் அதே வேலைதான். கன்வேயர் எந்த ரோலரில் முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் சொந்த வண்டிச் சத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடினால் மானம் போகுமா போகாதா, சொல்லுங்கள்.

2

முதலில் டீலரிடம் கொண்டுபோனேன். வரவேற்பில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், டை கட்டியிருந்தான். "டிக்கியில் சத்தம்" என்று சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. இங்கே அதற்கு வேறு பேர், நான் சொன்ன வார்த்தைக்கு வேறு மாதிரி அர்த்தம் வரும் என்று பிறகுதான் மகள் சொன்னாள். அன்றைக்குத் தெரியாமல் மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டான். எங்கள் மொழியில் சத்தத்துக்கா பஞ்சம்? கிலுகிலு, மொறமொற, கடகட என்று ஆயிரம் இருக்கிறது. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது 'நாய்ஸ்' ஒன்றுதான். வாயாலேயே கிர்ர்ர், டொக் என்று செய்து காட்டினேன். அவன் கம்ப்யூட்டரில், 'சத்தம் வருவதாக வாடிக்கையாளர் கூறுகிறார்' என்று தட்டினான். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தாளை நீட்டினான். சத்தம் கேட்கவில்லை, இருந்தாலும் அது இந்த வகை வண்டிகளின் இயல்பு என்று அதில் எழுதியிருந்தது. கேட்காத சத்தம் எப்படியப்பா இயல்பாகும்? கேட்டேன். சிரித்தான்.

நானே கழற்றிப் பார்க்கிறேன் என்றால் அதற்கும் வழியில்லை. பேட்டரிப் பக்கம் கை வைத்தால் மூன்று வருஷ வாரண்டி போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஆக, வாரண்டி முடியும்வரை நான் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தினேன்.

மகள் பவித்ராவுக்குப் பன்னிரண்டு வயது. வண்டியில் ஏறியதும் காதில் ஒயரைச் செருகிக்கொள்வாள். "இட்ஸ் ஜஸ்ட் எ நாய்ஸ், ப்பா. லீவ் இட்" என்பாள். மனைவி சுமதி அதுகூடச் சொல்ல மாட்டாள். நான் சத்தத்தைப் பற்றி ஆரம்பித்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். என் தொணதொணப்பு தாங்காமல்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

3

இதற்குள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருகிற தையில் ஊருக்கே திரும்பிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். விடுமுறைக்கு இல்லை, ஒரேயடியாக.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போனால் எங்கள் ஊர். நெல் விளைகிற நிலம் போக, ரோட்டோரமாக ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் உண்டு. அதில் ஒரு ஷெட் போட்டு, பம்ப், கியர்பாக்ஸ் பழுது பார்க்கும் பட்டறை வைக்க வேண்டும் என்பது என் ஆசை. தேர்வாய் கண்டிகையில் தொழிற்பேட்டை வந்திருக்கிறது, சிப்காட்டும் பக்கத்தில் இருக்கிறது, வேலைக்கா பஞ்சம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஷெட்டின் படம்கூட வரைந்துவிட்டேன். அதனால்தான் இந்த நாட்டுக் குடியுரிமை விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடவே இல்லை. போட்டால் இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுமதியும் பவித்ராவும் தங்கள் தாள்களை நிரப்பி முடித்து ஒரு வருஷமாகிறது. மூன்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று சுமதி காத்திருந்தாள். என் தாள் மட்டும் ஃபிரிட்ஜ் மேல் வெறுமையாகக் கிடந்தது.

திரும்பிப் போகும் செய்தியைச் சொன்ன அன்று பவித்ரா அழுதாள். "அது உங்க ஊர். நீங்க போங்க" என்றாள். சுமதி எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். ஆனால் ஊரில் நைனா இருக்கிறாரே! என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வேன். எடுத்த எடுப்பில் அவர் கேட்பது ஒன்றுதான்.

"எப்பப்பா வர்ற? ஊடு உனக்காகத்தான் காத்துக்கினு கீது."

ஒன்பது வருஷம், எத்தனை ஞாயிறு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பனியில் வண்டி சிக்கி, மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் எனக்குச் சோறு போட்டது.

4

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வாரம் வாரண்டி முடிந்தது. முதல் வேலையாகக் காதர் பாய்க்குப் போன் போட்டேன்.

காதர் பாய் மில்லில் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்த ஃபிட்டர். பழவேற்காட்டில் அவர் வீட்டார் மூன்று தலைமுறையாக நண்டு வியாபாரம். இவர் மட்டும் நண்டு வாடை ஆகாது என்று இரும்புக்கு வந்தவர். இப்போது புதுவாயலில் பேரிங் கடை வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் சொன்னார்:

"இன்னா சேகரு, இன்ஜின் ஓடலன்றே, சத்தம் மட்டும் வருதுன்றே. இன்னா வண்டி வாங்கிக்கீறே நீ?"

"கிண்டல் பண்ணாதீங்க பாய். ரெண்டு வருஷமா பேஜாரா கீது."

"சரி, கேளு. பிரேக் புடிச்சா முன்னாடி வருது. கெளம்புனா பின்னாடி போவுது. அப்போ அது பேரிங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எதுவோ உருளுது. எவனோ உள்ள எத்தையோ உட்டுட்டான். நம்ம மில்லு கேள்விய கேளு. சத்தம் எப்ப ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னாடி கடைசியா கை வெச்சது யாரு?"

மில்லில் எந்த மெஷின் கத்தினாலும் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். வண்டிக் கணக்கு எழுதி வைக்கும் என் நோட்டில் பார்த்தேன். சத்தம் ஆரம்பித்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய செப்டம்பர் நடுவில். அதற்கு முன்னால் ஆகஸ்டில் டயர் மாற்றியிருந்தேன். டயர் கடைக்காரன்தான், வேறு யார்? அவன் வம்சத்தையே மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

"அது சரி பாய், ஷெட்டுக்கு நம்ம மேட்டு நெலத்துல அளவு எடுக்கச் சொன்னேனே, எடுத்தீங்களா?"

"அதுவா... லைனு சரியில்ல சேகரு. அப்புறமா பேசறேன்."

லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. கடையில் ஆள் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் சுமதியை வண்டி ஓட்டச் சொல்லி, காலியாகக் கிடந்த கடைத்தெரு பார்க்கிங்குக்குப் போனோம். மில்லில் நாங்கள் பேரிங்கைச் சோதிக்க நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். உள்ளே இருக்கும் சத்தம் கம்பி வழியே அப்படியே காதுக்குள் வந்து பேசும். நான் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை ஒவ்வோர் இடமாக ஊன்றினேன். "போ, பிரேக் போடு, மறுபடி போ" என்று கத்தினேன். சுமதி இருபது சுற்று சுற்றியிருப்பாள். கடைசியில் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டி, எல்லாம் சரிதானா அம்மா என்று அவளைக் கேட்டான். பின்னால் ஸ்க்ரூடிரைவரோடு ஒருவன் படுத்திருந்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

ஆனால் இடம் கிடைத்துவிட்டது. பின்சீட்டின் வலப்பக்கம், பேட்டரிக்குக் காற்று இழுக்கும் வாய். பட்டை பட்டையாகத் திறப்பு வைத்த மூடி. அதற்குள் போகும் குழாயில்தான் எதுவோ உருண்டது.

5

சனிக்கிழமை காலை நாஷ்டா முடித்த கையோடு சீட்டைக் கழற்றினேன். பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, ரப்பர் கையுறை போட்டு, அதிக மின்சாரம் ஓடும் ஆரஞ்சு ஒயர் எதையும் தொடாமல் மூடியைப் பிரித்தேன். குழாய்க்குள் கையை விட்டதும் விரலில் பட்டது. வெளியே எடுத்தேன்.

சுண்டு விரல் அளவு செப்புக் குப்பி. இரண்டு முனையிலும் அரக்கு. ஒரு பக்கம் அறுந்துபோன கறுப்பு நூல். நம்மூர்த் தாயத்துக் குப்பி.

நான் அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு திரும்பினேன். சுமதி வாசற்படியில் காபியோடு நின்றிருந்தாள்.

"கிடைச்சிடுச்சு" என்றேன்.

"பிரிக்காதீங்க" என்றாள்.

கையைத் திறந்துகூடக் காட்டவில்லையே நான். ஒரு நட்டு, ஒரு கூழாங்கல், பவித்ராவின் பென்சில், எதுவாகவும் இருக்கலாமே. பிரிக்கக் கூடியது என்று இவளுக்கு யார் சொன்னது?

"உனக்குத் தெரியுமா?"

"மாமா வெச்சாரு" என்றாள், காபியைப் பார்த்துக்கொண்டே. நைனாவைத்தான் சொல்கிறாள். "இங்க வந்துட்டு ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள். வண்டிக்கும் உங்களுக்கும் பாதுகாப்புன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"ரெண்டு வருஷம் நான் நாயா அலைஞ்சேனே. போன வாரம் பார்க்கிங்ல சுத்தி சுத்தி ஓட்டினியே, அப்பகூடவா வாயத் திறக்கல?"

"அதுதான் சத்தம் போடுதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? சொன்னா தூக்கிப் போட்டுடுவீங்க. அதான்."

கடைசியாகக் கை வைத்தது யார்? நோட்டில் நான் டயர் கடையைத்தான் எழுதியிருந்தேன். நைனாவை எழுதத் தோன்றவே இல்லை.

சத்தம் ஆரம்பித்த அந்த வருஷக் கோடையில் அவர் இங்கே வந்து, செப்டம்பர் நடுவரை மூன்று மாதம் எங்களோடு இருந்தார். விசா முதல் தடவை கிடைக்கவில்லை. வந்தவர் திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் போதாது என்றார்கள். நிலத்துப் பட்டா, சிட்டா எல்லாம் இங்கிலீஷில் மொழிபெயர்த்து வாங்கி அனுப்பி, ஊரை விட்டு இருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் கிடைத்தது. வந்ததும் வண்டியைத்தான் முதலில் காட்டினேன். "நைனா, இதுக்கு உசுரு இங்கதான் கீது" என்று பின்சீட்டுப் பக்கம் காட்டினேன். அந்த மூடியில் கையை வைத்துப் பார்த்தார். "மூச்சு உடுதுப்பா" என்று ஆச்சரியப்பட்டார். உயிர் எங்கே இருக்கிறதோ அங்கேதானே தாயத்துக் கட்டுவார்கள்? இடத்தைக் காட்டிக் கொடுத்ததே நான்தான். மூடியின் பட்டைக்கு உட்புறமாகக் கட்டியிருப்பார், நூல் அறுந்து குழாய்க்குள் விழுந்திருக்கிறது.

பிரிக்கக் கூடாதுதான். நான் பிரித்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, மெஷின் எதுவானாலும் திறந்து பார்த்தே பழக்கம். அரக்கைச் சுரண்டியதும் கட்டம் கட்டமாக எழுத்துப் பொறித்த செப்புத் தகடு வந்தது. அதற்குள் சுருட்டிய கோடு போட்ட தாள். நைனாவின் கையெழுத்து. தாசில்தாருக்கு மனு எழுதுவது போலவே எழுதியிருந்தார்.

'எனது மூத்த குமாரன் தனசேகரன் அயல்நாட்டிலேயே நிலைத்து வாழ வேண்டும். ஊர் திரும்பும் எண்ணம் அவன் மனதை விட்டு நீங்க வேண்டும். இப்படிக்கு, அவன் தகப்பன்.'

நாலு தரம் படித்தேன். பவித்ரா வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. "வாட் டஸ் இட் சே?" என்றாள். "தாத்தா நமக்காக சாமி கும்பிட்டிருக்காரு" என்றேன். "ஸோ ஸ்வீட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சுமதி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். உள்ளே இப்படி எழுதியிருக்கிறது என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றாள். இருக்கலாம். ஆனால் நான் திரும்பிப் போகக் கூடாது என்று இந்த வீட்டில் தினம் வேண்டிக்கொண்டிருந்தவளும் அவள்தானே? மெஷின் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். மனுஷர்கள் விஷயத்தில் இனிமேல் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

6

மறுநாள் ஞாயிறு. இங்கே காலை, ஊரில் சாயங்காலம். என்னென்ன கேட்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். நைனா மறுப்பார், அழுவார், சுமதி மேல் பழி போடுவார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது.

"நைனா, வண்டில அந்தச் சத்தம் நின்னுடுச்சு."

"அப்பாடா! இன்னாவாம்?"

"குப்பி. கறுப்பு நூல் கட்டின குப்பி."

"பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிட்டேன்."

"இன்னாப்பா நீ! அங்க வர்றதுக்கு முன்னாடியே ஆர்.கே.பேட்டை வரைக்கும் போயி, மந்திரிக்கறவரு கிட்ட ரெண்டு நாள் காத்துக்கினு தகடு எழுதி வாங்கினேன். அத்த பிரிக்கவே கூடாது. பிரிச்சா பலிக்காது."

சொல்லுங்கள், இதற்கு நான் என்ன தயார் செய்திருக்க முடியும்? அகப்பட்டுக்கொண்டோமே என்ற கூச்சம் அவர் குரலில் இல்லை. வேண்டுதல் வீணாகிவிட்டதே என்ற விசாரம்தான் இருந்தது.

"நான் வரக் கூடாதுன்னு எழுதி வெச்சுட்டு, வாரா வாரம் எப்ப வர்றேன்னு கேட்டியே நைனா. அது எதுக்கு?"

"கேக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? பெத்தவன் கேக்க வேணாமா?"

அவரே சொல்லிக்கொண்டு போனார்.

"இதோ பாருப்பா. மேட்டு நெலம் உன் தம்பிக்குன்னு நான் எப்பவோ வாக்கு குட்த்துட்டேன். ரவி போன தையிலயே அங்க டிரெய்லர் வண்டி நிறுத்த யார்டு போட்டுட்டான். நீ வந்து ஷெட்டு, பட்டறைன்னு நின்னா இன்னா ஆவும்? ரெண்டு பேரும் மூஞ்சி பாக்க மாட்டீங்க. உனக்கு அங்க எல்லாம் கீது. அவனுக்கு இன்னா கீது? என் பெரிய புள்ள கனடாவுல கீறான்னு சொன்னா இங்க அத்தினி பேரும் எழுந்து நிக்கறான். வந்துட்டு கையில கிரீஸோட நின்னா, தொரத்தி உட்டுட்டாங்கன்னு பேசுவான். எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நைனா."

"எப்படிப்பா சொல்லுவேன், பெத்த புள்ளைய வராதேன்னு?"

வாயால் சொல்ல முடியாததை மனுவாக எழுதிச் சாமியிடம் கொடுத்துவிட்டார். அதையும் என் வண்டியிலேயே வைத்து, இரண்டு வருஷம் என்னையே சுமக்க வைத்துவிட்டார். எனக்கு நிலம் போனது பெரிதில்லை. கேட்டிருந்தால் ரவிக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியை நம்பித்தானே ஒன்பது வருஷம் ஓட்டினேன்? அது பொய் என்றால் நான் எதை நம்பி இங்கே இருந்தேன்?

காதர் பாய்க்கும் போட்டேன். "யார்டு போட்டது தெரியுமா பாய்?" என்றேன். "தெரியும் சேகரு" என்றார். "பெரியவர் எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார்." சத்தியம் வாங்குவதற்கென்றே நைனா ஊர் ஊராகப் போயிருப்பார் போலிருக்கிறது. பாயைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. வைத்துவிட்டேன்.

7

திங்கட்கிழமை வண்டியில் வேலைக்குப் போனேன். பிரேக் போட்டேன். ஒன்றுமில்லை. சிக்னலில் இன்ஜின் அணைந்தது. அப்போதும் ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக நான் ஏங்கிய அமைதி அதுதான். அதைத் தாங்க முடியாமல் ரேடியோவைப் போட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் மேலிருந்த தாளை எடுத்தேன். இந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்க எண்ணமா என்று ஒரு கேள்வி. ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டேன். கையெழுத்தும் போட்டேன். சுமதி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை. பவித்ராதான் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தேங்க் யூ, ப்பா" என்றாள். மூன்று தாளையும் ஒரே உறையில் போட்டு வியாழக்கிழமை தபாலில் சேர்த்தேன். ஷெட்டின் படத்தைக் கிழிக்க மனம் வராமல் குப்பியோடு சேர்த்து டூல்பாக்ஸில் போட்டேன்.

மறு ஞாயிறு போன் செய்ய வேண்டாம் என்றுதான் இருந்தேன். கை கேட்கவில்லை. நைனா எடுத்தார். பின்னால் நாலைந்து பேர் பேசும் சத்தம், டம்ளர் வைக்கும் சத்தம். யாரோ விருந்தாளிகள். அவர் குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"எப்பப்பா வர்ற? ஊடு உனக்காகத்தான் காத்துக்கினு கீது!"

"பிரிச்சும் பலிச்சிடுச்சு நைனா" என்றேன்.

அந்தப் பக்கம் விருந்தாளிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். நைனாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.